பெட்டியில் வைக்கக் கூடாதவை

“வெந்தயமும் கொண்டு வரப்பிடாதாம்மா மாப்ள?”

ஃபோனில் மாமாவின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. தினமும் காலையில் ஒரு ஸ்பூன் வெந்தயத்தைத் தண்ணீரோடு விழுங்குவது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

“விதை எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு மாமா. வெந்தயம் விதைதானே. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“நான் விலங்கியல்லா. அது தாவரவியல் வாத்தியார் டிபார்ட்மென்ட்டு.”

மாமா தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவர். பரிணாமப் பாடம் வந்துவிட்டால் கரும்பலகை முழுக்கக் கலர் சாக்பீஸில் ஃபிஞ்ச் குருவிகளின் அலகுகளை வரைவார். கொட்டை உடைக்கும் அலகு, பூச்சி பிடிக்கும் அலகு, கள்ளிப்பூவில் தேன் குடிக்கும் அலகு. அவரிடம் படித்த நான் கடைசியில் கம்ப்யூட்டர் படிக்கப் போனதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. கடலில் அவர் போன அதிகபட்சத் தூரம் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை வரைக்கும்தான். போன வருடம் முழங்கால் வலி அதிகமானபோது, “இனிமே எங்க போறது” என்று அவர் சொன்னதாக அம்மா சொன்னாள். புதுக் காருக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் அந்த வாரமே இரண்டு பேருக்கு இடம் போட்டுவிட்டேன். ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகள். பதினாறு பேர் மட்டும் போகிற சின்னப் படகு, எட்டு நாள். கடல் வெதுவெதுப்பாக இருக்கும் ஏப்ரல் மாதம்.

அதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. தொப்பி, நீச்சல் உடை, நல்ல பிடிமானமுள்ள செருப்பு, கடல் நோய்க்கு மாத்திரை என்று கொண்டுவர வேண்டியவை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டன. கொண்டுவரக் கூடாதவையும் செய்யக் கூடாதவையும்தான் அதைவிட நீளம். விதை கூடாது. பழம் கூடாது. ஷூ அடியில் மண் இருக்கக் கூடாது. மனிதர் வசிக்காத தீவுகளில் உணவு கூடாது, தீ கூடாது, புகைபிடிக்கக் கூடாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கல், கிளிஞ்சல், எலும்பு எதையும் எடுக்கக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் கரையில் கால் வைக்கக் கூடாது.

என் வேலையில் இதுபோன்ற பட்டியல்கள் தினசரிச் சமாச்சாரம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அமைப்பில் கை வைக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை என்று ஒரு ஆவணம் இருக்கும். ரன்புக் என்போம். அதில் சில வரிகள் விசித்திரமாக இருக்கும். “இந்தக் கட்டளையை வெள்ளிக்கிழமை மாலை இயக்காதே” என்று ஒரு வரி. புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். அந்த வரி எழுதப்பட்ட வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. கலாபகோஸ் பட்டியலையும் அப்படித்தான் வாசிக்க ஆரம்பித்தேன். பெட்டி கட்டுவதற்கு முன் இரண்டு மாதம் அந்த விபத்துகளைத் தேடிப் படித்ததுதான் எங்கள் உண்மையான தயாரிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

*

எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தவரிடமிருந்துதான் கதை தொடங்குகிறது. 1535இல் பனாமாவின் பிஷப் தோமாஸ் தெ பெர்லாங்கா பெரு நாட்டுக்குக் கப்பலேறினார். நடுவழியில் காற்று நின்றுபோனது. நீரோட்டம் கப்பலை மேற்கே இழுத்துக்கொண்டு போனது. மார்ச் 10ஆம் தேதி, கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வரைபடத்தில் இல்லாத ஒரு தீவு கண்ணில் பட்டது. அவர்களிடம் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. தீவில் கிணறு தோண்டினால் கடலைவிட உப்பான தண்ணீர் வந்தது. கள்ளி மட்டைகளைப் பிழிந்து அந்தச் சாற்றைக் குடித்தார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் கிடைப்பதற்குள் இரண்டு மனிதர்களும் பத்துக் குதிரைகளும் இறந்திருந்தனர்.

பிறகு அவர் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வானத்திலிருந்து கல் மழை பெய்தது போன்ற பூமி என்கிறார். மனிதனைச் சுமக்கக்கூடிய ஆமைகளைப் பற்றி எழுதுகிறார். கையால் பிடித்தாலும் ஓடத் தெரியாத மடத்தனமான பறவைகளைப் பற்றியும் எழுதுகிறார். அந்த மடத்தனம் என்ற சொல்லில் மாமா கொஞ்ச நேரம் நின்றார். “மனுசனப் பாத்ததே இல்ல. பின்ன எப்படிப் பயப்படும்? பயமும் பரிணாமத்துல வாரதுதானே” என்றார்.

பெர்லாங்காவை இழுத்துச் சென்ற அதே கடல்தான் எங்கள் பட்டியலில் ‘வெட்சூட்’ என்ற வரியாக இருக்கிறது. பூமத்திய ரேகையில் எதற்குக் குளிருடை என்று நானும் முதலில் நினைத்தேன். அண்டார்டிகாப் பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலேறும் தண்ணீரும் சேர்ந்து ஜூன் முதல் நவம்பர் வரை அந்தக் கடலை 20 டிகிரி அளவுக்குக் குளிர வைத்துவிடும். பூமத்திய ரேகையில் பென்குயின் வாழ்வது அதனால்தான். ஜனவரி முதல் மே வரை தண்ணீர் 25 டிகிரி தாண்டும். அதனால்தான் நாங்கள் ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆனால் நமக்கு இதமான தண்ணீர் கடல் இகுவானாக்களுக்குப் பட்டினி. உலகத்தில் கடலுக்குள் மூழ்கி மேயும் ஒரே பல்லியினம் இதுதான். இதன் உணவான பாசி குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீரில்தான் செழிக்கும். எல் நினோ வருடங்களில் கடல் சூடேறிக் கிடக்கும்போது பாசி அற்றுப்போகும், இகுவானாக்கள் கூட்டங்கூட்டமாகச் சாகும். 1982-83இல் அப்படித்தான் நடந்தது. தப்பிப் பிழைப்பவற்றின் உடலே சுருங்கிவிடுகிறது. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். எங்கள் வசதிக்காக நாங்கள் தேர்ந்தெடுத்த மாதத்தைப் பற்றி அதற்குப் பிறகு எனக்குப் பெரிய பெருமை இல்லை.

*

‘மனிதர் வசிக்காத தீவுகளில் உணவு கூடாது’ என்ற வரிக்கு வருகிறேன். இந்தத் தீவுகளே இருநூறு வருடங்களுக்கு மேல் கப்பல்காரர்களின் சாப்பாட்டு அலமாரியாக இருந்தவை. முதலில் பதினேழாம் நூற்றாண்டின் கடற்கொள்ளையர்கள் வந்தார்கள். 1790களிலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தன. இரண்டு மூன்று வருடம் கரை திரும்பாமல் பசிபிக்கில் சுற்றும் கப்பல்களுக்குப் பெரிய பிரச்சினை புதிய இறைச்சி. குளிர்பெட்டி இல்லாத காலம். அதற்குக் கலாபகோஸ் ஆமை ஒரு அபாரமான தீர்வாக அமைந்தது. சோறும் தண்ணியும் இல்லாமல் ஒரு வருடம் வரை அது உயிரோடு இருக்கும். மாலுமிகள் தீவில் இறங்கி, தூக்க முடிந்த ஆமைகளை முதுகில் கட்டித் தூக்கி வந்து, கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வேண்டும்போது ஒன்றை எடுத்து வெட்டினார்கள்.

இதில் என்னைப் போன்ற ஆட்களுக்குப் புரியும் ஒரு விஷயம் உண்டு. எல்லாக் கப்பலிலும் லாக் புத்தகம் எழுதினார்கள். இன்று எந்தத் தீவு, எத்தனை ஆமை என்று. நியூயார்க் மீன் காட்சியகத்தின் இயக்குநராக இருந்த சார்லஸ் டவுன்சென்ட் பழைய லாக் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்து கூட்டினார். 1925இல் அவர் வெளியிட்ட கணக்கு இது: 1831 முதல் 1868 வரை, 79 கப்பல்கள், 189 வருகைகள், 13,013 ஆமைகள். அவர் கைக்குக் கிடைத்த புத்தகங்களின் கணக்கு மட்டும்தான் இது. மொத்தமாக ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்துச் செல்லப்பட்டிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. மலைமேல் இருந்த பெரிய ஆண் ஆமைகளைத் தூக்குவது கஷ்டம். முட்டையிடத் தாழ்நிலத்துக்கு இறங்கி வந்த சின்ன உருவப் பெண் ஆமைகள்தான் அதிகம் சிக்கின. எண்ணிக்கையைவிட இது பெரிய நஷ்டம்.

அந்தக் கப்பல்காரர்களும் தயாராகித்தான் வந்தார்கள். எந்த விரிகுடாவில் நங்கூரம் போடலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தத் தீவில் ஆமை ருசி என்பதெல்லாம் அவர்கள் பட்டியலில் இருந்தன. தீவிலிருந்து என்ன எடுக்கலாம் என்று பார்த்த பட்டியல் அது. என் கையில் இருப்பது தீவுக்குள் எது போகக் கூடாது என்று பார்க்கிறது. ஒரு பட்டியல் இப்படித் திசை மாற ஏறக்குறைய நானூற்றைம்பது வருடம் ஆகியிருக்கிறது.

‘தீ கூடாது’ என்ற வரியின் தேதியைக்கூடக் கண்டுபிடிக்க முடிகிறது. 1820 அக்டோபர். எஸ்ஸெக்ஸ் என்ற திமிங்கிலக் கப்பல் ஃபுளோரியானா தீவில் ஆமை பிடிக்க நின்றது. தாமஸ் சாப்பல் என்ற மாலுமி விளையாட்டுக்காகப் புதரில் தீ வைத்தான். வறண்ட பருவம். தீ பரவி, மாலுமிகள் நெருப்பைத் தாண்டி ஓடித்தான் கப்பலுக்கு வர வேண்டியிருந்தது. மறுநாள் அவர்கள் பாய் விரித்துத் தொலைதூரம் போன பிறகும் தீவு எரிந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் அதே எஸ்ஸெக்ஸை ஒரு திமிங்கிலம் முட்டி மூழ்கடித்தது. அதிலிருந்து ‘மோபி டிக்’ நாவல் பிறந்தது இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும். எரிந்த தீவைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1850 வாக்கில் ஃபுளோரியானாவின் ஆமையினம் அந்தத் தீவிலிருந்தே இல்லாமல் போயிருந்தது.

*

டார்வின் பகுதியை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம் இருந்தது.

1835 செப்டம்பர் 15 அன்று பீகிள் கப்பல் கலாபகோஸ் வந்தது. டார்வினுக்கு 26 வயது. ஐந்து வாரம் அந்தத் தீவுகளில் இருந்தார்கள். மாமா வகுப்பில் சொல்வது இப்படி: டார்வின் தீவுக்குத் தீவு ஃபிஞ்ச் குருவியின் அலகு மாறுவதைப் பார்த்தார், யோசித்தார், பரிணாமம் பிறந்தது. நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதும் அதைத்தான். ஆனால் தீவில் இருந்தபோது டார்வினுக்கு அந்தக் குருவிகள் ஒரே குடும்பம் என்றே தெரியாது. சிலவற்றை வேறு இனப் பறவைகள் என்று நினைத்தார். எது எந்தத் தீவில் பிடித்தது என்று பெரும்பாலானவற்றுக்குச் சீட்டு எழுதவில்லை. 1837இல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்புறம் கப்பலில் வந்த மற்றவர்களின் சேகரிப்பைக் கேட்டு வாங்கித் தீவுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆமை விஷயம் இன்னும் மோசம். ஃபுளோரியானாவில் இருந்த துணை ஆளுநர் நிக்கலஸ் லாசன், ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு என்று தன்னால் சொல்ல முடியும் என்று டார்வினிடம் சொன்னார். பரிணாமத்தின் சாவியே அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதற்கு அப்போது போதிய கவனம் கொடுக்கவில்லை என்று டார்வினே பிற்பாடு எழுதியிருக்கிறார். பீகிள் திரும்பும் வழியில் உணவுக்காக முப்பது ஆமைகளை ஏற்றியிருந்தது. சாப்பிட்டு முடித்து ஓடுகளைக் கடலில் எறிந்தார்கள். சாட்சியத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அப்போ முப்பது வருசம் பிள்ளைகளுக்குத் தப்பாவா சொல்லிக் குடுத்தேன்?”

“முடிவு சரிதான் மாமா. வழிதான் வேற.”

“வழிதானே மாப்ள பாடம்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

‘இரண்டு மீட்டர் தள்ளி நில்’ என்ற விதி டார்வின் காலத்தில் இருந்திருந்தால் அவருடைய பயணப் புத்தகத்தில் சில பக்கங்கள் குறைந்திருக்கும். ஆமை மேல் ஏறிச் சவாரி செய்தார். ஒரு கடல் இகுவானாவைத் திரும்பத் திரும்பக் கடலுக்குள் வீசி, அது ஒவ்வொரு தடவையும் அவர் நிற்கும் கரைக்கே நீந்தி வருவதைப் பார்த்தார். கிளையில் உட்கார்ந்திருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட்டார். அது ஆராய்ச்சிதான், கொடுமைக்காகச் செய்ததில்லை. ஆனால் அந்த விலங்குகளுக்கு இன்னும் பயம் வரவில்லை. இன்றைக்கும் கடற்சிங்கக் குட்டி நம் காலருகே வந்து படுக்கும் என்கிறார்கள். நாம்தான் பின்னால் நகர வேண்டும். அதனிடம் இல்லாத பயத்துக்குப் பதிலாக நம்மிடம் இருக்க வேண்டிய ஒழுங்குதான் அந்த இரண்டு மீட்டர்.

*

வெந்தயத்துக்கு வருவோம். விதைக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி?

1813இல் டேவிட் போர்ட்டர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி பிரிட்டிஷ் திமிங்கிலக் கப்பல்களைப் பிடிக்க இந்தத் தீவுகளுக்கு வந்தார். ஃபுளோரியானா கரையில் மாலுமிகள் தபால் போடும் ஒரு பீப்பாய் இருந்தது. ஊர் திரும்பும் கப்பல் எதுவோ அது கடிதங்களை எடுத்துப் போகும். போர்ட்டர் அந்தக் கடிதங்களைப் படித்து எதிரிக் கப்பல்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டார். தபால் பீப்பாய் இன்றும் இருக்கிறது. பயணிகள் தபால் அட்டையைப் போட்டுவிட்டு, தங்கள் ஊர்ப் பக்கம் போகும் அட்டையைக் கையில் எடுத்துச் சென்று சேர்ப்பிக்கிறார்கள். “தென்காசிக்கு ஒண்ணு கிடந்தா நம்ம சைக்கிள்ல கொண்டு குடுத்துருவேன்” என்று மாமா தயாராக இருக்கிறார்.

அதே பயணத்தில் போர்ட்டரின் ஆட்கள் மேய்ச்சலுக்காகச் சில ஆடுகளைச் சாண்டியாகோ தீவில் இறக்கினார்கள். ஓர் இரவில் அவை காட்டுக்குள் ஓடிவிட்டன. தீவில் ஆடுகள் நிலைத்ததற்கு அவை மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பல கப்பல்கள் இப்படி விட்டிருக்கின்றன. பின்னாளில் சாண்டியாகோவிலிருந்து அகற்றப்பட்ட ஆடுகள் ஏறத்தாழ எண்பதாயிரம். பின்டா தீவில் 1959இல் மீனவர்கள் விட்டது மூன்றே மூன்று ஆடுகள். பத்துப் பதினைந்து வருடத்தில் அவை ஆயிரக்கணக்காகி அந்தச் சின்னத் தீவின் பச்சையைத் தின்று தீர்த்தன.

ஆடு புல்லைத் தின்றால் ஆமைக்குப் புல் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்கத் தோன்றும். இசபெலா தீவின் அல்செடோ எரிமலையில் நடந்தது வேறு. அங்கே வறண்ட மாதங்களில் மழை இல்லை, பனிமூட்டம்தான். உயரமான மரங்கள் அந்த மூட்டத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். அப்படிச் சேர்ந்த குட்டைகளில்தான் ஆமைகள் தண்ணீர் குடித்தன. ஆடுகள் மரப்பட்டையையும் கன்றுகளையும் தின்றன. மரம் போனது, சொட்டு போனது, குட்டை போனது.

1997 முதல் 2006 வரை நடந்த ‘புராஜெக்ட் இசபெலா’ என்ற திட்டத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்தும் நாய்களோடும் போய் ஒன்றரை லட்சம் அளவுக்கு ஆடுகளைக் கொன்றார்கள். கடைசி ஆடுகளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு ‘யூதாஸ் ஆடு’ என்று ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒரு ஆட்டைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விடுவார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேரும். பின்னாலேயே துப்பாக்கி வரும். கூட்டம் அழிந்ததும் அந்த ஆடு மறுபடி துணையைத் தேடிப் புறப்படும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆடுகள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவற்றைக் கொல்லாமல் ஆமைகளைக் காப்பாற்ற வேறு வழியும் இருக்கவில்லை. ஒரு மாலை நேரத்து அலட்சியத்துக்கு இருநூறு வருடம் கழித்து யாரோ இப்படிப்பட்ட வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதன் பிறகு வெந்தயம் சிரிப்பாகத் தோன்றவில்லை.

செடிகளில் நம்ம ஊர்க் கதையும் இருக்கிறது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் முள்ளுப்பழம் பறித்துத் தின்றிருப்பீர்கள். அந்த வகையில் ஒன்று, மைசூர் ராஸ்பெர்ரி என்றே உலகத்தில் பெயர் பெற்றது, பழத்துக்காகக் கலாபகோஸ் கொண்டுபோகப்பட்டது. பறவைகள் தின்று விதையைப் பரப்பின. இன்று சாண்டா குரூஸ் தீவின் அரிய ஸ்கலேசியாக் காட்டில் புதிய மரக்கன்று எழவிடாமல் அது முள்வேலி போல மூடுகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக இங்கே கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி முதுமலையை என்ன செய்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதே உண்ணிச்செடி 1930களில் ஃபுளோரியானாவுக்கும் அழகுச்செடியாகத்தான் போனது. ஓர் ஊரில் சாதாரணமாக வேலியோரம் நிற்பது இன்னோர் ஊரில் காட்டையே மூடிவிடுகிறது.

*

‘எதையும் எடுக்கக் கூடாது’ என்ற வரிக்குப் பின்னால் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். 1905-06இல் ரோலோ பெக் தலைமையில் கலிபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ் அனுப்பிய குழு, ஆமைகள் அழியப் போகின்றன, அதற்குள் சேகரித்துவிட வேண்டும் என்று கிளம்பியது. 250க்கும் மேற்பட்ட ஆமைகளைக் கொன்று பதப்படுத்தியது. பின்டாவில் அவர்கள் கண்ணில் பட்டவை மூன்று. மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சேகரிப்பு இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகிறது என்பதும் உண்மை.

பின்டா இனம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்கள். 1971இல் நத்தை ஆராய்ச்சிக்காகப் போன ஒருவர் அங்கே ஓர் ஆண் ஆமையைப் பார்த்தார். அதுதான் லோன்சம் ஜார்ஜ். தனியன் ஜார்ஜ் என்று சொல்லலாம். மறுவருடம் அவனைச் சாண்டா குரூஸ் கொண்டுவந்தார்கள். நாற்பது வருடம் துணை தேடினார்கள். கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24 காலையில் அவன் இறந்து கிடந்தான். அவனோடு ஓர் இனம் முடிந்தது. எந்த விலங்கினத்தின் கடைசி நாளும் இவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரிவது அபூர்வம். என் தொழிலில் தப்பான மாற்றத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு கட்டளை உண்டு. இங்கே அது கிடையாது.

சில இடங்களில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. எஸ்பான்யோலா தீவின் ஆமைகள் ஒரு காலத்தில் 14 மட்டுமே மிஞ்சின. 12 பெண், 2 ஆண். 1970களில் அமெரிக்காவின் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையிலிருந்து டியேகோ என்ற மூன்றாவது ஆண் வந்து சேர்ந்தான். அந்தப் பதினைந்தின் வழியாக ஏறத்தாழ இரண்டாயிரம் குட்டிகள் தீவுக்குத் திரும்பின. நூறு வயது தாண்டிய டியேகோவும் 2020 ஜூனில் தன் தீவுக்கே போனான். ஃபுளோரியானா ஆமையின் மரபணு, இசபெலாவின் வுல்ஃப் எரிமலையில் திரியும் கலப்பின ஆமைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்காரர்கள் பாரம் குறைக்க அந்தப் பக்கம் இறக்கிவிட்டவையின் வாரிசுகளாக இருக்கலாம் என்கிறார்கள். தின்ன எடுத்துப்போன கைகளே அறியாமல் ஒரு நகலையும் விட்டுப் போயிருக்கின்றன.

*

“இவ்வளவு படிச்ச பொறவு, நாம போறது சரியா மாப்ள?”

மாமா இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1959இல் ஈக்வடார் இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் 97 சதவீதம் பூங்கா. 1967இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் முதல் சுற்றுலாக் குழுவைக் கப்பலில் அழைத்து வந்தார். படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, பகலில் வழிகாட்டியோடு மட்டும் இறங்கி ஏறுகிற முறை அந்தக் காலத்தில்தான் உருவானது. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். எங்கள் படகின் 16 அந்தக் கணக்குதான். வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணத்தை 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆக்கினார்கள். அந்தப் பணத்தில்தான் ஆமைக்குட்டிகள் வளர்கின்றன, ரோந்துப் படகுகள் ஓடுகின்றன. வேடிக்கை பார்க்க யாரும் வராவிட்டால் மீன்பிடியும் பண்ணையும்தான் அங்கே பிழைப்பு.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2023இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களைச் சுமக்கும் படகுகளுக்கு எண்ணெய் வேண்டும். 2001 ஜனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் அருகே தரைதட்டியது. அதிலிருந்த எரிபொருளில் ஒரு பகுதி ஒரு சுற்றுலாக் கப்பலுக்கானது. நீரோட்டம் பெரும்பகுதி எண்ணெயை வெளியே இழுத்துப் போய்விட்டது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் சாண்டா ஃபே தீவில் கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் செத்துப்போயின. மிச்சமிருந்த கொஞ்ச எண்ணெய் அவற்றின் குடலில் பாசியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிரிகளைக் கொன்றிருக்கலாம் என்று கருதுகிறார்கள். விதியை மதித்து இரண்டு மீட்டர் தள்ளி நின்ற பயணிகளுக்காக வந்த எண்ணெயும் அதில் இருந்தது. நாங்கள் போகும் படகும் அப்படித்தான் ஓடும்.

இதையெல்லாம் அப்படியே மாமாவிடம் சொன்னேன். சரி என்றோ தப்பு என்றோ எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “நல்லவங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போகாம, ஆட்டுக்குட்டியக் கையில வச்சிருக்கிற ஆளுன்னு நெனச்சுக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான்” என்றார். அவரே ஒரு பாடத்தை முடித்து வைத்தது போல இருந்தது.

போன வாரம் அவரைச் சென்னைக்கு வரச்சொல்லி, கிண்டியில் இருவரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அறுபது வயது தாண்டியவர் என்பதால் மருத்துவர் நிறையக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். இந்த ஊசிச் சான்றிதழ் நாம் திரும்பி வரும்போது நம் நாடு கேட்பது. நம்மிடம் அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு ஏகத்துக்கும் இருக்கிறது. ஒரே ஒரு ஆள் நோயைக் கொண்டுவந்தால் போதும். “நம்ம ஊரும் ஒரு தீவுதாம்லா” என்றார் மாமா, பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டே.

ஊருக்குத் திரும்பிய பிறகு நேற்று இரவு ஃபோன் செய்தார். பழைய டூத் பிரஷ் வைத்து ஷூ இரண்டையும் தேய்த்துக் கழுவிவிட்டாராம். அடியில் மண்ணோடு மூன்று நாயுருவி விதை ஒட்டியிருந்ததாம்.

“என்ன பண்ணீங்க?”

“அடுப்புல போட்டுட்டேன். கால்சட்டை மடிப்பையும் பாத்துட்டேன். நீயும் பாத்துக்க.”

“வெந்தயம்?”

“வறுத்துப் பொடிச்சா முளைக்காதுன்னு உங்கம்மா சொல்லுதா. நான் வேண்டாம்னுட்டேன். அங்கபோய் அதிகாரிகிட்ட என்னத்துக்கு விளக்கிக்கிட்டு? அந்த ஆமை ஒரு வருசம் சோறு தண்ணி இல்லாம இருந்துச்சுல்லா. நான் எட்டு நாள் வெந்தயம் இல்லாம இருந்துக்கிடுதேன்.”